சிவப்பு வயரில் மாட்டியது எது

தப்பாகச் சொல்லிவிடுவேன், அதுதான் பயம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற மீரான் பாய் போனை எடுத்ததும் "சொல்லுங்கம்மா, திரையில என்ன வந்திருக்கு" என்றுதான் கேட்பார். நான் இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும், மேலே இருப்பதை மேலே என்றும் கீழே இருப்பதைக் கீழே என்றும், ஓர் எண் பிசகாமல். நான் ஒன்றைச் சொல்லி அவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு, அவர் சொன்னதை நான் அமுக்கிவிட்டால் அவ்வளவுதான், பிறகு யாரிடமும் போய்க் கேட்க முடியாது. திரை நீலமாக இருக்கிறது, நடுவில் வெள்ளைப் பெட்டி, பெட்டிக்குள் நாலு வரி. நாலு வரியையும் எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்துவிட்டேன். டிரைவ் சைபர் என்று இரண்டு வரி, டிரைவ் ஒன்று என்று இரண்டு வரி. பக்கத்தில் எண்கள், எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் எண்கள். இதில் எது நம்முடைய பழைய ஹார்ட் டிஸ்க், எது இன்றைக்கு வந்த இரண்டாவது டிஸ்க் என்று எந்த வரியிலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும் இந்தக் கம்ப்யூட்டருக்கு. வெளியே சாரல் அடிக்கிறது, தென்காசியில் ஆனி மாதம் பிறந்துவிட்டால் மூன்று மணிக்கே ஐந்து மணி மாதிரி இருட்டிக்கொண்டு வரும், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பெட்டி பத்து நிமிஷம் தாங்கும், அதுவும் நல்ல நாளில். மீரான் பாய் போகும்போது "இந்த இடம் வந்ததும் எனக்கு அடிங்க, நீங்களா ஒண்ணையும் அமுக்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த இடம் வந்து ஏழு நிமிஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் அடிக்கவில்லை.

படிக்கத் தெரியாது என்றில்லை. ஏழாம் வகுப்போடு நின்றேன், இங்கிலீஷ் எழுத்து அத்தனையும் தெரியும், கூட்டிப் படித்தால் படித்துவிடலாம். ஆனால் பதினோரு வருஷமாக இந்த ஒளிமதி ஸ்டுடியோவில் நான் படித்து வேலை செய்ததில்லை, இடம் பார்த்துச் செய்கிறேன். மேல் வரிசையில் மூன்றாவது, அதைத் திறந்தால் உள்ளே ஐந்தாவது, அதை அமுக்கினால் முகம் தனியாக வெட்டி வரும். வீட்டில் மிளகாய்த் தூள் டப்பா எது, மல்லித் தூள் டப்பா எது என்று எழுதியா ஒட்டியிருக்கிறேன், கை போய் எடுக்கிறது. முதலாளி ஞானதுரை என்னைப் பாஸ்போர்ட் படத்தைக் கத்தரியால் வெட்டிக் கவரில் போடத்தான் வேலைக்கு வைத்தார். அவர் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து இடம் பழகிப் போயிற்று. இப்போது கல்யாண ஆல்பம் அவர் செய்கிறார், செத்தவர்கள் படம் முழுக்க நான்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாளுக்குள் படம் வேண்டும், மாலை போட, விளக்கேற்ற. ஆனால் யாரிடமும் ஒழுங்கான படம் இருக்காது. ரேஷன் கார்டைக் கொண்டு வருவார்கள், யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற படத்தைக் கொண்டு வருவார்கள், வாய் நிறையச் சோற்றோடு. நான் தலையை மட்டும் வெட்டி எடுத்து, வாயை மூடி, கண்ணைத் திறந்து, ஓர் உடம்பில் வைப்பேன். உடம்பு மூன்று வைத்திருக்கிறேன், நீலக் கோட்டு ஒன்று, வெள்ளைச் சட்டையும் துண்டும் ஒன்று, பெண்களுக்குப் பச்சைப் பட்டு. ஆயுசுக்கும் சட்டையே போடாத பனையேறிக்குக்கூட "கோட்டே போட்டுருங்கக்கா, அய்யா கம்பீரமா இருக்கட்டும்" என்று அவர் மகன்கள் சொல்வார்கள். ஒருத்தர் மூக்கில் இருந்த மருவை, பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று எடுத்துவிட்டேன். அந்த வீட்டம்மா வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கா, எங்க வீட்டுக்காரர எங்க" என்றாள். மருவைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் என் தலையை வெட்டிப் பச்சைப் பட்டில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் பார்த்திருக்கக் கூடாது. எழுநூறுக்கும் மேலே முகங்கள், எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கில் இருக்கின்றன, வேறு எங்கேயும் இல்லை. போன வருஷம் அது நிறைந்துவிட்டது. புதிய கல்யாணம் ஒன்றை ஏற்றப் போனால் இடம் இல்லை என்று மணி அடிக்கும். முதலாளி, "அஞ்சு வருஷத்துக்கு முந்தினத எல்லாம் அழிச்சிரு உலகம்மா, அதக் கேட்டு எவன் வரப்போறான்" என்றார். நானும் அழித்தேன். கல்யாணங்களில் கை வைக்கவில்லை, கல்யாணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். செத்தவர்கள் பக்கமிருந்து அழித்தேன். ஒரு மடிப்பு, ஃபோல்டர் என்பார்கள், அழித்தால் ஒரு கல்யாண மண்டபமே உள்ளே வரும்.

அழித்த பிறகு ஒரு பெண் திரும்பி வந்தாள், போன கார்த்திகையில். பெயர் செல்லத்தாய், இலஞ்சிப் பக்கம், புருஷன் லாரி ஓட்டுகிறவன். அவளுடைய பையன், ஆறு வயசு, ஏழு வருஷத்துக்கு முந்திக் காய்ச்சலில் போனவன். அவனுக்குத் தனியாகப் படம் எடுத்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்போடு எடுத்த படத்தில் மூன்றாவது வரிசையில் அரை முகமாக நின்றான், முன்னால் நின்ற பிள்ளையின் ரிப்பன் அவன் கன்னத்தை மறைத்துக்கொண்டு. அந்தக் கன்னத்தை நான் மறு கன்னத்திலிருந்து எடுத்து வைத்தேன், இரண்டு நாள் ஆயிற்று. அப்போது அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் உப்பலா இருக்கும்க்கா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை, அந்தப் படம் வீட்டுச் சுவரில் மழைத் தண்ணீர் இறங்கி ஊறி, கண்ணாடியோடு ஒட்டிப் போயிற்று என்று எடுத்து வந்திருந்தாள், முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்பு வட்டம். பள்ளிக்கூடத்துப் படத்தையும் அதே சட்டத்தின் பின்னால்தான் பத்திரமாகச் செருகி வைத்திருந்தாளாம், அதுவும் போயிற்று. "கம்ப்யூட்டர்ல இருக்கும்லாக்கா, இன்னொண்ணு போட்டுக் குடுங்க" என்றாள். நான் தேடுகிற மாதிரி தேடினேன். ஒவ்வொரு மடிப்பாகத் திறந்து மூடினேன், அழித்தது எனக்கே தெரியும், இருந்தாலும் அரைமணி நேரம் தேடினேன், அவள் பார்க்க வேண்டுமென்று. பிறகு "மிஷின் கெட்டுப் போச்சும்மா, எல்லாம் போயிட்டு" என்றேன். மிஷின் என் முட்டிக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. அவள் யோசித்துவிட்டு, "நீங்கதானக்கா ரெண்டு நாளா அவன் மொகத்த இம்புட்டுப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்திய. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா. எனக்கு மூக்கு வரைக்கும் வருது, அதுக்கு மேல வரமாட்டேங்குது" என்றாள். எனக்கு அந்த ரிப்பன்தான் ஞாபகம் வந்தது. சிவப்பு ரிப்பன், ஓரம் நைந்தது. முகம் வரவில்லை. "நல்ல மொகம்மா" என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அந்த ஊறிப்போன சட்டத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனாள். அதிலிருந்து முதலாளி அழி என்றால் கை வருவதில்லை. ஆறு மாதம் நச்சரித்தேன். இடம் இல்லை, இடம் இல்லை, இன்னொரு டிஸ்க் போடுங்கள் என்று. கடைசியில் "ஒன் வாய மூடுறதுக்காவது போட்டுத் தொலைக்கேன்" என்று மீரான் பாயை வரச் சொன்னார். இன்றைக்கு வந்தார். முதலாளி குற்றாலத்தில் ஒரு வளைகாப்புக்குக் கேமராவோடு போய்விட்டார், போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார், "பாய் வேலை பாக்கும்போது நீ பக்கத்துல போகாத, ஒன் கை பட்டா வெளங்காது."

கை பட்டது. அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மீரான் பாய் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சிபியுவைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டார். பதினோரு வருஷத் தூசி, பஞ்சுமிட்டாய் மாதிரி. பழைய டிஸ்க்கை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தார், பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று போல இருந்தன, அதே கம்பெனி, அதே வெள்ளைச் சீட்டு, ஒரு கர்ப்பத்தில் பிறந்தவை மாதிரி. "இதுவும் வேற எடத்துல ஓடினதுதாம்மா, இந்தப் பழைய பெட்டிக்குப் புதுசு செட்டாகாது, நல்லா ஓடும், பயப்படாதிய" என்றார். இதில் விண்டோஸ் போட்டு இது முன்னால் ஓடும், பழையது பின்னால் இருந்து படங்களை வைத்துக்கொள்ளும், இதுதான் திட்டம். வெள்ளிக்கிழமை. கடைக்குள் புதிதாக ஒன்று வந்தால் சந்தனம் குங்குமம் வைக்காமல் நான் ஓடவிடுவதில்லை, டியூப் லைட் மாற்றினால்கூட. குங்குமச் சிமிழோடு போனேன். பாய் சிரித்தார். "வைங்க வைங்க, நல்லதுதான். சீட்டு ஒட்டின பக்கமா வைங்க, அடியில பச்சைத் தகடு இருக்கு, அதுல பட்டுராம. எனக்கும் அடையாளமாச்சு." அடையாளம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்துமா இப்படிச் செய்தேன். அவருக்குப் போன் வந்தது, படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார், மரக்கடையில் பில் போடுகிற மிஷின் நின்றுவிட்டதாம். மேஜையில் ஒன்று பொட்டோடும் ஒன்று வெறுமையாகவும் கிடந்தன. இன்றைக்கு வந்ததற்குப் பொட்டு, பதினோரு வருஷம் சுற்றிச் சுற்றி உழைத்ததற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு மருமகள் வந்த அன்றைக்கு மகளைப் பட்டினி போட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஒரு விரல் சந்தனம் எடுத்து அதற்கும் வைத்தேன், நடுவில் குங்குமம். ஒரு நொடி வேலை. அதற்குள் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்துவிட்டது, நான் முன்பக்கம் வந்து எட்டுப் படத்தையும் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாய் தோளில் போனை இடுக்கிக்கொண்டு இரண்டையும் உள்ளே செருகி முடித்துவிட்டார். ஒன்று மேல் தட்டில் சிவப்பு வயரில், ஒன்று கீழ்த் தட்டில் கறுப்பு வயரில். மூடி போட்டுத் திருகிவிட்டு, பென் டிரைவைக் குத்தி ஓடவிட்டு, "இது மெதுவா ஏறும்மா, பெட்டி கெழடு. நான் மரக்கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். அப்போதே சொல்லியிருக்கலாம். பாய், இரண்டிலும் பொட்டு இருந்ததே, பார்த்தீர்களா என்று. பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தொழில்காரருக்குத் தெரியாதா. தெரியாவிட்டால் கேட்டிருப்பார். கேட்காததால் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், செல்லத்தாய்க்கு மிஷின் கெட்டுவிட்டது என்று சொன்ன அதே வாயால்.

அடித்துவிட்டேன். மணி போகிறது. எடுத்துவிட்டார், பின்னால் ரம்பம் அறுக்கிற சத்தம். "சொல்லுங்கம்மா." நாலு வரி வந்திருக்கு பாய். "சரி. டிரைவ் ஜீரோ ரெண்டு வரி, டிரைவ் ஒன்னு ரெண்டு வரி, அதானே?" அதான் பாய். "கடைசிக் கட்டத்துல காலி எடம்னு ஒரு நம்பர் இருக்கும். ரெண்டுலயும் பெரிய வரியில எம்புட்டுன்னு சொல்லுங்க." மேலே பதினொன்று புள்ளி இரண்டு, கீழே பதினாலு புள்ளி ஆறு. அதை மட்டும் சரியாகச் சொன்னேன், விரலை வைத்துக்கொண்டு சொன்னேன். பாய் இரண்டு எண்ணையும் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டும் நெறைஞ்சுல்லா கெடக்கு. நான் கொண்டாந்தத முந்தி வச்சிருந்தவன் எதையோ ஏத்தித் தள்ளியிருக்கான், துடைக்காமக் குடுத்துட்டானுவ." ரம்பம் நின்று மறுபடி தொடங்கியது. "சரி, கவலையில்ல. பொட்டு வச்சதத்தான் நான் செவப்பு வயர்ல மாட்டினேன். செவப்பு முதல் வாசல். அப்ப டிரைவ் ஜீரோதான் புதுசு. மேல ரெண்டு வரி. முதல் வரியத் தொட்டு, கீழ டெலிட்னு இருக்கும் பாருங்க, அத அமுக்குங்க. கேக்கும், ஆமான்னு குடுங்க. பெறவு ரெண்டாவது வரியையும் அதே மாதிரி." டெலிட். அந்த ஒரு சொல்லை மட்டும் இடம் பார்க்காமலே எனக்குத் தெரியும். மவுஸ் அம்பு அதன் மேல்தான் நிற்கிறது, என் கைதான் கொண்டுபோய் வைத்திருக்கிறது. பாய், நிச்சயமா பொட்டு வச்சதா. "ஆமாம்மா, நானே கையில எடுத்தேன், சந்தனம் விரல்ல ஒட்டிச்சு." இன்னொன்றைப் பார்த்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. கேட்டால் ஏன் என்பார், ஏன் என்றால் சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பார், சிரித்ததை முதலாளியிடம் டீ குடிக்கும்போது சொல்வார், கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா சிரிப்பாகச் சொல்வார், முதலாளி அதை ஆயுசுக்கும் வைத்துக்கொள்வார். "என்னம்மா, அமுக்கிட்டியளா?" கரண்ட் ஒரு வெட்டு வெட்டியது, யுபிஎஸ் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, உடனே கரண்ட் திரும்பி வந்துவிட்டது. பாய், கேக்கல, அப்புறம் அடிக்கேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது.

இப்போது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி. மேலே இருப்பது எவனோ ஒருவனுடைய குப்பையாக இருந்தால் நல்லது, அமுக்கலாம், பாய் சொன்னது சரியாகவே இருக்கும், பாதிக்குப் பாதி சரியாகத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி என்றால், கோட்டுப் போட்ட பனையேறி பாதி இருப்பார் என்றா அர்த்தம், மரு திரும்பக் கிடைத்தவர் பாதி மூக்கோடு இருப்பாரா. இருந்தால் எல்லோரும் இருப்பார்கள், போனால் எல்லோரும் போவார்கள், திதிக்குத் திதி ஒவ்வொரு வீடாக வந்து கேட்பார்கள், நான் ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் தேடிக் காட்ட வேண்டும். போன் அடிக்கிறது, பாய். எடுக்கவில்லை. எடுத்தால் அமுக்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். ஒருவர் காதுக்குள் நின்று செய் செய் என்றால் செய்துவிடுகிற ஆள் நான், முதலாளி அழி என்றதும் அழித்தவள்தானே. சரி, அழித்தது நான். மிஷின் இல்லை. இதை இதுவரைக்கும் மனசுக்குள்கூட இந்த வார்த்தையில் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன், கடையில் ஒன்றும் இடிந்து விழவில்லை, டியூப் லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியுமா. பார்த்தும் தெரியாது, இரண்டிலும் ஒரே கையால் வைத்த பொட்டு, ஒரே அளவு. எது என்று எனக்கே தெரியாதபோது எதைக் காப்பாற்றுவது. இரண்டையும்தான். எது வேண்டாதது என்று தெரியாவிட்டால் எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கலாம் அல்லவா, இவ்வளவு நேரமாக இது ஏன் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் யுபிஎஸ் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன், திரை கறுத்தது, கறுத்ததும் டெலிட்டை அமுக்கிவிட்டேனோ என்று கையைப் பார்த்தேன். இல்லை, கை சுவிட்சில்தான் இருக்கிறது. மூடியின் திருகாணியைப் படம் வெட்டுகிற கத்தரியின் நுனியால் திருகினேன், ஒன்று, இரண்டு, பாய் கையாலேயே முறுக்கியிருந்தார், லேசாக வந்தது. மூடியை எடுத்தேன். சிவப்பு வயரைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை, ஓரத்தில் ஒரு நாக்கு மாதிரி இருந்தது, அதை அமுக்கி இழுத்ததும் வந்தது. கறுப்பும் வந்தது. இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தேன். இரண்டும் ஒரே சூடாக இருந்தன. மறுபடி போன் அடித்தது. எடுத்தேன்.

"என்னம்மா, லைன் கட்டாயிட்டு. அமுக்கிட்டியளா?" இல்லை பாய். பாய், கேளுங்க, ரெண்டுக்கும் நான்தான் பொட்டு வச்சேன். நீங்க படிக்கட்டுல பேசிக்கிட்டு இருக்கும்போது பழசுக்கும் வச்சிட்டேன். நீங்க செவப்புல மாட்டினது எதுன்னு எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. ரம்பம் அறுத்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் அங்கே யாரிடமோ "ஏய், அத நிப்பாட்டுப்பா" என்றார். ரம்பம் நின்றது. "எதையும் தொடாதிய, அப்படியே வைங்க" என்றார். சிரிக்கவில்லை. தொட்டுட்டேன் பாய், ரெண்டையும் கழட்டி வெளியே எடுத்துட்டேன். "கழட்டிட்டியளா? நீங்களா?" நான்தான். "சரி. கழட்டினது நல்லதாப் போச்சு. ஒண்ணு ஒண்ணா மாட்டித் தெறந்து பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது. இந்த பில் மிஷின முடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வாரேன். ஞானதுரைகிட்ட சொல்லட்டுமா?" நானே சொல்லிக்கிடுதேன் என்றேன். போனை வைத்துவிட்டு இரண்டு டிஸ்க்கையும் மடியில் வைத்துச் சேலைத் தலைப்பை மேலே போட்டு மூடிக்கொண்டேன். மேஜையில் வைத்தால் தட்டிவிடுவேன், பைக்குள் வைத்தால் பை எங்கே என்று தேடுவேன். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஓர் ஆள் ஏறி வந்து, பாஸ்போர்ட் படம் உடனே வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் ஓடல, இன்னைக்குக் கெடையாது என்று தரையில் இருந்தபடியே சொன்னேன். "கால்ல அடிபட்டுட்டா, எந்திரிக்கணுமா?" என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லி, அவர் இறங்கிப் போகிற வரைக்கும் முட்டியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.